மாட்டு வெக்கை போன கதை

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஊர் குளத்தூர். இந்தப் பக்கத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் ஒருவரிடம், மாட்டுக்கு என்னென்ன நோய் வரும் என்று கேட்டால் மளமளவென்று சொல்லுவார். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான், மடி நோய், அம்மை என்று பட்டியல் நீளும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் இருக்காது. அது வெக்கை நோய். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முதலில் வந்து விழுந்திருக்கும் பெயர்களில் ஒன்று அது. இன்று அந்த நோய் உலகத்திலேயே இல்லை!

மனிதன் இதுவரை உலகத்தை விட்டே அடியோடு ஒழித்த தொற்றுநோய்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று பெரியம்மை. அதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இரண்டாவது இந்த மாட்டு வெக்கை. இது பலருக்குத் தெரியாது. அதை ஒழித்தவர்கள் யார் என்பது அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும். விஞ்ஞானிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தை வைத்து, ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஊசி போட்டவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் கால்நடை ஆய்வாளர்கள், கம்பவுண்டர்கள், கால்நடை பராமரிப்பு உதவியாளர்கள். வெளிநாடுகளில் வெட்டரினரி டெக்னீசியன் என்று சொல்லும் வேலைக்கு நம் ஊரில் இவர்கள்தான் பக்கத்தில் வருவார்கள்.

மாடு போனால் வருஷம் போச்சு

வெக்கை நோய் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் கரிசல் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் பதமான ஈரம் இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்துவிட வேண்டும். இங்கே ஆறும் கால்வாயும் பாயாத மானாவாரிக் காடுதான் அதிகம். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பருத்தியும் கம்பும் சோளமும். டிராக்டர் வருவதற்கு முன்னால் அந்தச் சில நாட்களில் உழுதது எல்லாம் மாடுகள்தான். புரட்டாசியில் ஒரு சம்சாரியின் உழவு மாடு செத்துப்போனால் அவருக்கு அந்த வருஷமே போய்விட்டது என்று அர்த்தம். மாடு வாங்கக் கடன் வாங்க வேண்டும். கடனை அடைக்க நிலம் போகும்.

வெக்கை நோய் மாட்டை ஒன்றிரண்டாகக் கொல்வதில்லை. முதலில் கடுமையான காய்ச்சல். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள்ளே புண் வந்து மாடு இரை எடுக்காது. அப்புறம் நிற்காத கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு விழுந்துவிடும். இதற்கு முன் நோய் வராத மந்தையில் புகுந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது மாடுகள் வரைகூடச் சாகும். நோய் பிடித்த மாட்டின் மூச்சும் எச்சிலும் சாணமும் பக்கத்து மாட்டுக்குப் பரப்பிவிடும். சந்தைக்குப் போன மாடு ஒன்று நோயோடு திரும்பினால் தொழு முழுவதும் காலியாகலாம். சிகிச்சை என்று ஒன்று கடைசிவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை.

உலகத்தையே உலுக்கிய நோய்

கால்நடை மருத்துவம் என்ற படிப்பு உலகத்தில் தோன்றியதற்கே இந்த நோய் ஒரு முக்கியக் காரணம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்தச் சூழ்நிலையில்தான் 1761இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஷலா என்பவர் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்க அனுமதி பெற்றார்.

1880களின் கடைசியில் நோய் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குள் நுழைந்தது. பத்து ஆண்டுகளுக்குள் தெற்கு முனை வரை போய்விட்டது. எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் எல்லாம் செத்துப்போக, 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மடிந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. கரிசல் காட்டுச் சம்சாரிக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. மாடு இல்லை என்றால் உழவு இல்லை. உழவு இல்லை என்றால் சோறு இல்லை. அவ்வளவுதான்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் 1920இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி வைக்கப்பட்டன. அவற்றின் வழியாக வெக்கை நோய் மறுபடியும் ஐரோப்பாவுக்குள் புகுந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 28 நாடுகள் சேர்ந்து 1924இல் பாரிஸில் உலகக் கால்நடை நல அமைப்பைத் தொடங்கின. உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கியது 1948இல். அதாவது, உலகச் சுகாதார நிறுவனத்துக்கு முன்னாலேயே மாடுகளுக்கு உலக அமைப்பு வந்துவிட்டது!

மருந்து வந்தது, கைகள் வேண்டியிருந்தன

இந்தியாவில் ஆங்கிலேய அரசு இந்த நோயை ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கை 1871இல் வந்தது. 1889இல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். நோய்க்கிருமியை ஊருக்கு நடுவில் வைத்துக்கொள்வது ஆபத்து என்பதால் 1893இல் அதை இமயமலைப் பக்கம் குமாவுன் மலையில் உள்ள முக்தேஸ்வருக்கு மாற்றினார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோச் 1897இல் அங்கே வந்திருக்கிறார். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். அங்கே 1920களில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி வெக்கைக் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு என்று திரும்பத் திரும்பச் செலுத்தி, மாட்டைக் கொல்லாத அளவுக்கு அதை வலுவிழக்கச் செய்தார். அதையே தடுப்பூசியாக மாட்டுக்குப் போட்டால் மாட்டுக்கு நெடுங்காலம் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது.

சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிற்காலத்தில் இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தடுப்பூசி தயாரானது. மருந்து இருக்கிறது, மருத்துவர்களும் படித்து வருகிறார்கள். பிறகு என்ன கஷ்டம்?

கஷ்டம் எண்ணிக்கையில் இருந்தது. நாட்டில் மாடுகள் கோடிக்கணக்கில், மருத்துவர்களோ கையளவு. ஒரு மருத்துவர் ஒரு வட்டம் முழுவதையும் பார்க்க வேண்டிய நிலை. எனவே குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, ஊசி போடவும், காயத்துக்கு மருந்து கட்டவும், காயடிக்கவும், நோயை அடையாளம் கண்டு தகவல் சொல்லவும் தெரிந்த ஒரு படையை உருவாக்க வேண்டியிருந்தது. பல மாநிலங்களில் இவர்களை ஸ்டாக்மேன் என்றார்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர் என்ற பெயர் நிலைத்தது.

1954: ஊர் ஊராக

இந்திய அரசு 1954இல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் மாடு, எருமைகளில் 80 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்பது இலக்கு. காகிதத்தில் எழுதுவதற்கு இது ஒரு வரி. செய்வதற்கு?

முதல் எதிரி வெயில். தடுப்பூசி உலர்ந்த தூளாகக் கண்ணாடிக் குப்பியில் வரும். அதைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வேண்டும். உப்பு நீரில் கரைத்துவிட்டால் சீக்கிரமே போட்டு முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி செத்துவிடும். செத்த மருந்தைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். மின்சாரமே எட்டிப் பார்க்காத கிராமங்கள் அன்று ஏராளம். ஐஸ் கட்டி வாங்கிப் பிளாஸ்க்கில் போட்டு, பஸ் போகும் வரை பஸ்ஸிலும், அதற்கு அப்பால் சைக்கிளிலும், சைக்கிளும் போகாத இடத்தில் நடந்தும் போனார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்னால் ஊருக்குள் இருக்க வேண்டும். அதனால் விடியும் முன்பே புறப்பட வேண்டும். கரிசல் மண்ணில் மழைக் காலத்தில் சைக்கிள் சக்கரம் சுற்றாது, சைக்கிளை மனிதன்தான் சுமக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரிந்ததே.

இரண்டாவது, மாடு. ஊசியைக் கண்டதும் நிற்கும் மாடு உலகத்தில் கிடையாது. கொம்பைப் பிடிக்க ஒருவர், வாலைப் பிடிக்க ஒருவர் இருந்தாலும் உதை வாங்காமல் ஒரு நாள் முடிவது அபூர்வம்.

மூன்றாவது, மனிதர்கள். ஊசி போட்டால் பால் வற்றிவிடும், உழவு மாடு சோர்ந்து படுத்துவிடும், சினை கலைந்துவிடும் என்று சம்சாரிகள் பயந்தார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆட்டின் வழியாகத் தயாரித்த அந்தப் பழைய தடுப்பூசி சில மாடுகளுக்கு உண்மையிலேயே காய்ச்சலைக் கொண்டுவந்தது. உழவு நேரத்தில் நாலு நாள் மாடு படுத்தால் என்ன ஆகும் என்பது சம்சாரிக்குத்தான் தெரியும். ஆகவே எந்த மாதத்தில் ஊருக்குப் போக வேண்டும், எந்த மாட்டை இன்றைக்கு விட்டுவிட வேண்டும், முதலில் யாருடைய மாட்டுக்குப் போட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பதெல்லாம் அந்த ஆய்வாளரின் முடிவு. இதற்கெல்லாம் அரசாணை கிடையாது. ஊரைத் தெரிந்த ஆள் வேண்டும்.

80 சதவீதம் போதவில்லை

திட்டத்தால் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் அங்கங்கே தலைகாட்டியது. தென்னிந்தியாவில்தான் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் என்ன?

ஒவ்வொரு ஆண்டும் புதிய கன்றுகள் பிறக்கின்றன. சந்தை வழியாக மாடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகின்றன. கணக்கில் 80 சதவீதம் இருந்தாலும், எட்டாத ஊர்களில் இருக்கும் மீதி 20 சதவீதத்தில் கிருமி உயிரோடு இருந்தது. எல்லா மாட்டுக்கும் ஊசி என்பதைவிட, கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வழி என்பது மெல்லப் புரிந்தது. இதற்கிடையில் வால்டர் ப்ளோரைட் என்ற விஞ்ஞானி கென்யாவில் திசு வளர்ப்பு முறையில் பக்கவிளைவு இல்லாத புதிய தடுப்பூசியை உருவாக்கியிருந்தார். 1990களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்தியாவின் திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது.

இப்போது கால்நடை ஆய்வாளரின் வேலையும் மாறியது. ஊசி போடுகிறவர் துப்பறிகிறவராக ஆனார். கிராமம் கிராமமாகப் போய், வாய்ப்புண்ணோடு கழிச்சல் கண்ட மாடு ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால் உடனே தகவல் போக வேண்டும், மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். இந்த 'இல்லை' என்ற அறிக்கைக்கும் அவ்வளவு மதிப்பு. உண்மையாகப் போய்ப் பார்த்து எழுதிய 'இல்லை'க்கும், மேஜையில் உட்கார்ந்தபடி எழுதிய 'இல்லை'க்கும் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு நாட்டின் சான்றிதழே அந்த ஆளின் நேர்மையில்தான் நின்றது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நோய் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். ஏனென்றால் ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி இருக்கும், நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் இருக்கும். எது எது என்று பிரிக்க முடியாது. ஊசி போடாத இளம் மாடுகளின் இரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்றால்தான் கிருமி ஊரில் இல்லை என்று அர்த்தம். நாற்பது ஆண்டுகளாக 'ஊசி போடுங்கள், போடுங்கள்' என்று கெஞ்சியவர்களே வந்து 'இனி வேண்டாம்' என்றார்கள்.

இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் கண்டது 1995இல். இடம், நம் தமிழ்நாட்டின் அன்றைய வட ஆற்காடு மாவட்டம். அந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரித்த இராணிப்பேட்டையும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது! 2006 மே மாதம் உலகக் கால்நடை நல அமைப்பு இந்தியாவை வெக்கைக் கிருமி இல்லாத நாடு என்று அறிவித்தது. 2011 மே 25 அன்று அதே அமைப்பும், ஜூன் 28 அன்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலகத்திலிருந்தே நோய் ஒழிந்தது என்று அறிவித்தன.

ஆப்பிரிக்காவிலும் கதை இப்படித்தான் முடிந்தது. ஜெஃப்ரி மரைனர் என்பவர் குளிர்பெட்டி இல்லாமலே சில வாரங்கள் தாங்கக்கூடிய தடுப்பூசியை உருவாக்கினார். எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனத்தில் அரசு ஆட்கள் போக முடியாத இடங்களுக்கு, மாடு மேய்ப்பவர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பட்டம் படித்தவர்களால் எட்ட முடியாத மந்தைகளை அவர்கள் எட்டினார்கள். உலகம் முழுவதும் கடைசி மைல் இப்படிப்பட்டவர்களின் கால்களால்தான் கடக்கப்பட்டது.

கிடைத்தது என்ன?

இந்த வேலைக்குக் கிடைத்த பலன் என்ன? பெரிய சம்பளம் இல்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், இவர்கள் சிறு சிகிச்சைகளை மட்டும், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்யலாம் என்று எல்லை கட்டுகிறது. அது நியாயமான எல்லைதான். ஆனால் இரவு பதினோரு மணிக்குக் கன்று பாதியில் சிக்கி நிற்கும்போது ஊர்க்காரர்கள் முதலில் தேடி ஓடுவது பக்கத்துக் கிளை நிலையத்து ஆய்வாளரைத்தான். சட்டத்தில் அவர் உதவியாளர், ஊர் வாயில் அவர் 'டாக்டர்'. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அவர் வேலை பார்க்க வேண்டும்.

ஆபத்தும் குறைவில்லை. உதையும் குத்தும் ஒரு பக்கம். கன்று வீசிய மாட்டைத் தொடுவதால் வரும் புருசெல்லோசிஸ், அடைப்பான், வெறிநாய் கடித்த மாட்டின் எச்சில் என்று மனிதனுக்குத் தொற்றும் நோய்கள் இன்னொரு பக்கம். இதோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்த உறைவிந்தைக் கொண்டு சினை ஊசி போடுவது, 2019இல் தொடங்கிய தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி ஊசி போடுவது, மாட்டுக் காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு மாட்டுவது என்று வேலை கூடிக்கொண்டே போகிறது.

நோயைக் குணப்படுத்தியவருக்கு நன்றி கிடைக்கும். நோயை வராமல் தடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? வராத நோயை யாரும் பார்ப்பதில்லை. சாகாத மாட்டுக்காக யாரும் மாலை போடுவதில்லை. வெக்கை என்ற பெயரே குளத்தூர்ப் பக்கத்து இளைஞர்களுக்குத் தெரியவில்லை என்றால், அதுதான் அந்த மனிதர்களுக்குக் கிடைத்த பரிசு. வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளமே, அந்த வேலை மறந்துபோவதுதான்.

ஆனால் மறப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெக்கைக் கிருமிக்கு ஒரு பங்காளி உண்டு. ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி. இரண்டு நோய்க்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1987இல், தமிழ்நாட்டின் விழுப்புரம் பக்கம் அரசூர் என்ற கிராமத்தில். அந்த ஊரில் எடுத்த கிருமியிலிருந்தே, 'அரசூர் 87' என்ற பெயரில், தடுப்பூசியும் தயாரானது. வெக்கை கடைசியாக இருந்ததும் தமிழ்நாட்டில், அதன் பங்காளி முதலில் பிடிபட்டதும் தமிழ்நாட்டில்!

2030க்குள் உலகத்திலிருந்து ஆட்டுக்கொல்லியை ஒழிக்க வேண்டும் என்று 2015இல் உலக நாடுகள் இலக்கு வைத்தன. இது வெக்கையைவிடக் கடினம். ஆடு வேகமாகப் பெருகும், ஆகவே ஊசி போடாத குட்டிகள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கரிசல் காட்டின் சொந்த இனமான வேம்பூர் ஆடுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கிடை போட்டுக்கொண்டு காடு காடாக நகர்கின்றன. எட்டயபுரம் சந்தையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஆடுகள் கை மாறுகின்றன. டிராக்டர் வந்த பிறகு உழவு மாடு போனால் வருஷம் போகாது. ஆனால் நிலமில்லாத ஒரு குடும்பத்துக்குப் பத்து ஆடு என்பதுதான் மகளின் கல்யாணமும் பையனின் காலேஜ் பீஸும். அந்தப் பத்தும் ஒரே வாரத்தில் போனால்?

மருந்து இருக்கிறது, அது நல்ல மருந்து. ஒரு முறை போட்டால் ஆண்டுக்கணக்கில் காக்கும். வெக்கைக் கதை சொல்லும் பாடம் என்னவென்றால், மருந்து பாதி வழிதான் வரும். மீதி வழிக்கு, கிடை இன்று எந்தக் காட்டில் கிடக்கிறது என்று தெரிந்த ஓர் ஆள், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு விடியும் முன்னால் கிளம்ப வேண்டும். அவர் சரியாக வேலை செய்தால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஆட்டுக்கொல்லி என்றால் என்ன என்று குளத்தூரில் யாருக்கும் தெரியாது. அவர் பெயரும்தான்.